ஒரு சோதனை பாக்கி

கார் வாங்குவதற்கு முன்னால் காரின் கோளாறைப் படிக்கும் கருவியை வாங்கினேன். வரிசை சரிதான், இன்றைக்கும் அதையேதான் சொல்வேன்.

பந்திங் ஊரில் ஒரு கிளினிக்கில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. நான் இருப்பது பிரிக்பீல்ட்ஸ். ரயில் பந்திங் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. விடிவதற்கு முன்பே கிளம்ப நம்பகமான கார் வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்த நேரத்தில், கிள்ளானிலிருந்து அண்ணன் ஜெயராஜ் போன் செய்தான். தன் காரைக் கொடுக்கிறானாம். எனக்கென்றால் வீட்டு ஆளுக்கான விலைதானாம்.

இந்த அண்ணனோடு நான் இரண்டு கிறிஸ்துமஸாகப் பேசவில்லை. அப்பா போன பிறகு, அவருடைய வீட்டுக்கு என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ஆள் பார்த்து, விலை பேசி முடித்தவன். என் பங்கு ஒழுங்காக வந்து சேர்ந்தது, அது வேறு விஷயம். சொல்லாமல் செய்தானே என்பதுதான் என் வயிற்றெரிச்சல். அவனே கூப்பிட்டுக் கார் தருகிறேன் என்றதும் ஆசையும் வந்தது, சந்தேகமும் வந்தது. அண்ணன் எனக்குத் திரும்பக் கிடைப்பானா, இல்லை இன்னொரு தடவை ஏமாறப் போகிறேனா? கார் அதற்கு அப்புறம்தான்.

மெக்கானிக்கிடம் காட்டலாமே என்பீர்கள். எங்கள் குடும்பத்தில் அது நடக்காது. அண்ணன் கொடுக்கும் காருக்கு மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போவது, பரிமாறிய சோற்றை மோந்து பார்ப்பது மாதிரி. அப்புறம் அந்த வாசலை மிதிக்கவே முடியாது. ஆகவே கருவி என் கைப்பைக்குள் அடங்க வேண்டும்.

செலாயாங்கில் கார் சாமான் கடை வைத்திருக்கும் ஜமால் முகமதிடம் போனேன். கண்ணாடி மேசையில் மூன்றை எடுத்து வைத்தார். கை அகலத் திரையும் வால் மாதிரி வயரும் உள்ளதைத்தான் முதலில் நீட்டினார்.

"அக்கா, இதான் பெஸ்ட் லா. டாஷ்போர்டுல லைட் எரிஞ்சா ஒரு பட்டன், கோளாறு கோட் எல்லாம் அழிஞ்சிடும். எல்லாரும் இதைத்தான் கேட்டு வாங்கறாங்க."

"எனக்கு அழிக்க வேணாம் பாய். அழிச்சவனைக் கண்டுபிடிக்கணும்."

இதற்காக நான் நிறையப் படித்திருந்தேன். ஓடும்போது கார் தன்னைத்தானே சில சோதனைகள் செய்துகொள்ளும். கோளாறுப் பதிவை யாராவது அழித்தால் அந்தச் சோதனைகளின் முடிவும் சேர்ந்து அழியும். மறுபடி பல நாள் ஓடினால்தான் ஒவ்வொன்றாக முடியும். விற்பதற்கு முன்னால் விளக்கை அணைத்து வைக்கிற கெட்டிக்காரர்கள் இங்கேதான் மாட்டுவார்கள். முதல் கருவி அந்தச் சோதனைகளைக் காட்டவில்லை, எனக்கு அது துடைப்பத்துக்குச் சமம். இரண்டாவது எல்லாம் காட்டியது, ஆனால் அதன் பெரிய பெட்டியோடு தூக்கிப்போனால் அண்ணி நான் தங்க வந்திருப்பதாக நினைத்துக்கொள்வார். மூன்றாவது தீப்பெட்டி அளவு. ஸ்டியரிங்குக்கு அடியில் செருகினால் போனில் எல்லாம் தெரியும்.

"இதுல போலி நிறைய வருதாமே. உங்க காருல போட்டுக் காட்டுங்க."

ஜமால் முகமது சிரித்துக்கொண்டே கடைக்கு வெளியே வந்து போட்டுக் காட்டினார். அவர் காரில் எல்லாச் சோதனையும் முடிந்திருந்தது. யோக்கியமான கார். வாங்கிவிட்டேன்.

ஞாயிறு பூசை முடிந்து கிள்ளான் போனேன். கேட்டருகே யாரோ வைத்திருந்த பழைய பேட்டரியில் கால் விரலை இடித்துக்கொண்டேன். குப்பையை வாசலில் வைப்பதுதான் இந்த வீட்டு லட்சணம் என்று மனத்துக்குள் திட்டினேன். கேத்தரின் அண்ணி கட்டிப்பிடித்து வரவேற்றார். உள்ளே நண்டு கொதித்துக்கொண்டிருந்தது. அண்ணன் என் முகத்தைச் சரியாகப் பார்க்காமல் சாவியைக் கொடுத்தான்.

"போய் உக்காந்து பாரு. நான் ஐஸ் வாங்கிட்டு வரேன்."

அவன் தலை மறைந்ததும் கருவியைச் செருகினேன். கோளாறு எதுவும் இல்லை. சோதனைகளைப் பார்த்தேன். ஏறக்குறைய எதுவுமே முடிந்திருக்கவில்லை. காரின் கடிகாரம்கூட ஏதோ ஒரு நேரத்தைக் காட்டியது. விற்கிற காரில் அதையாவது சரிசெய்யக் கூடாதா? எனக்கு அழுகை வந்தது. எப்போதும் போல கோபம் அதைவிட வேகமாக வந்தது.

சாப்பாட்டு மேசையில் நண்டுச் சட்டிக்குப் பக்கத்தில் கருவியை வைத்தேன்.

"அண்ணே, எப்ப அழிச்சே?"

"எதை?"

"காரோட மெமரியை. விளக்கு எரிஞ்சுது, அழிச்சிட்டு என் தலையில கட்டப் பார்க்கற."

அண்ணியின் கரண்டி நின்றுவிட்டது. அண்ணன் கருவியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"காலையில புது பேட்டரி போட்டேன்," என்றான். "பழசைக் கழட்டினா மெமரி எல்லாம் போயிடும் லா. கடிகாரமும்தான் போச்சு."

"பழசு எங்க?"

"கேட்டுகிட்ட. பழைய இரும்பு எடுக்கற லோரி வரும்னு வெச்சிருக்கேன்."

விரல் இன்னும் வலித்துக்கொண்டிருந்தது.

"பழசு இன்னும் கொஞ்ச நாள் ஓடும். ஆனா நீ இருட்டுல தனியா கிளம்பணும். ஸ்டார்ட் ஆகலன்னா என்ன பண்ணுவ?"

பேட்டரியைக் கழற்றினாலும் இப்படி ஆகும் என்பது நான் படித்த பக்கத்திலேயே இருந்தது. அண்ணனைப் பிடிக்கிற அவசரத்தில் அந்த வரியைத் தாண்டிப் போயிருந்தேன். வெட்கமாக இருந்தது. ஆனாலும் விடவில்லை.

"சொல்லிட்டுச் செஞ்சா என்னண்ணே? எதையும் சொல்ல மாட்டியா நீ?"

நான் எதைச் சொல்கிறேன் என்று அவனுக்குத் தெரிந்தது. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"வீட்டு விஷயம் சொல்லியிருக்கணும். தப்புதான்," என்றான். பிறகு சாவியை என் தட்டுப் பக்கம் தள்ளினான். "காரை எடுத்துட்டுப் போ. உன் மெஷின் எல்லாத்தையும் பார்த்து முடிக்கட்டும். அப்புறம் காசு குடு."

பந்திங்குக்கும் பிரிக்பீல்ட்ஸுக்கும் அந்தக் காரில் போய் வந்தேன். ஒரு நாள்கூட மக்கர் செய்யவில்லை. சோதனைகள் ஒவ்வொன்றாக முடிந்தன. பெட்ரோல் ஆவி கசிகிறதா என்று பார்க்கிற ஒன்று மட்டும் அசையவில்லை. டாங்கி நிறைந்திருந்தாலும் அதற்கு ஆகாது, காலியாக இருந்தாலும் ஆகாது. எங்கள் குடும்பத்தில் பிறந்திருக்க வேண்டியது.

ஒரு சாயங்காலம், அது முடியாமலேயே, கருவியைப் பிடுங்கிக் கைப்பையில் போட்டேன். பணத்தை அனுப்பிவிட்டு அண்ணனைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, பணம் போட்டுட்டேன். எல்லா டெஸ்ட்டும் பாஸ்."

"எல்லாமா?"

"எல்லாம்."



"அந்தப் பெட்ரோல் டெஸ்ட்டு அவ்ளோ சீக்கிரம் முடியாதுன்னு ஒர்க்‌ஷாப்புல சொன்னாங்களே," என்றான்.

கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினேன். அவனே பேச்சை மாற்றினான்.

"சரி, ஞாயித்துக்கிழமை அந்த மெஷினை எடுத்துட்டு வா. அண்ணி காருல லைட் எரியுது."

"ஒர்க்‌ஷாப்புல காட்ட வேண்டியதுதானே?"

"வீட்டுல ஆள் இருக்கும்போது வெளியில எதுக்குக் காட்டணும்?" என்றான் அண்ணன்.