எழுந்து போகாத இருவர்

“ஏங்கண்ணு, ஒருத்தருக்கும் கேக்காம வாய்க்குள்ளயே சாமி கும்புடறயே, உங்க சாமிக்கு அது கேக்குமா?” என்று ரங்காத்தாள் அக்கா ஒரு நாள் என்னிடம் கேட்டார்.

நெருப்பெரிச்சல் என்ற ஊரில் ஒரு பனியன் கம்பெனியில் நாங்கள் இருவரும் துணி செக்கிங்கில் இருக்கிறோம். உள்ளே விளக்கு எரியும் கண்ணாடிப் பலகையின் மேல் துணி ஓடிக்கொண்டே இருக்கும். ஓட்டை இருந்தால் அந்த இடம் மட்டும் பளிச்சென்று தெரியும். மெஷினை நிறுத்தி ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். வெள்ளைத் துணி ஓடும்போது மேகத்துக்குள் உட்கார்ந்திருப்பது போலிருக்கும். கருநீலத் துணியில் ஓட்டைகள் நட்சத்திரமாக வரும். அந்த வெளிச்சத்தில்தான் எனக்கு ஜெபம் வரும். அம்மாவையும் சித்தியையும் சேர்த்து வையும் ஆண்டவரே என்பேன். வேறொன்றும் கேட்கத் தோன்றாது.

அக்காவுக்குப் பதில் சொல்லக் கூச்சமாக இருந்தது. சிரித்துவிட்டுத் துணியைப் பார்த்தேன்.

அம்மா பெயர் ரோஸ்மேரி. லீலாபாய் சித்தி அம்மாவின் கூடப்பிறந்த தங்கை. சாத்தான்குளம் பக்கமிருந்து பிழைக்க வந்து, இரண்டு குடும்பமும் ஒரே காம்பவுண்டில் எதிரெதிர் வீட்டில் இருந்தோம். எனக்குப் பள்ளிக்கூடம் ஒத்துவரவில்லை. வகுப்பில் எழுந்து நின்று பேசச் சொன்னால் காய்ச்சலே வந்துவிடும். ப்ளஸ் டூ பாதியில் நின்றதும், சித்திதான் என்னைக் கம்பெனியில் சேர்த்துவிட்டாள். பிள்ளையின் படிப்பைக் கெடுத்தவள் என்று அம்மா அன்றோடு அவளிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். நான்தான் சித்தியிடம் வேலை கேட்டேன் என்று எத்தனை தடவை சொன்னாலும், அவள் சொல்லிக்கொடுத்ததைச் சொல்கிறாய் என்பாள்.

இருவரும் போவது ஒரே ஆலயத்துக்குத்தான். மனதில் கசப்போடு திருவிருந்தில் அப்பமும் ரசமும் எடுக்கக் கூடாது என்று சின்ன வயதிலேயே படித்தவர்கள். மாதத்தின் முதல் ஞாயிறு, பெண்கள் பக்கம் பெஞ்சு பெஞ்சாக எழுந்து அதை வாங்கப் பீடத்தருகே போய் முழங்கால் போடும்போது, முன்னால் அம்மாவும் பின்னால் சித்தியும் மட்டும் உட்கார்ந்திருப்பார்கள். ஆண்டவர் முன்னால் பொய்யாகப் போய் நிற்கக் கூடாதே என்ற பயம் இரண்டு பேருக்கும். ஆனால் ஒருத்தியின் பயம் மற்றவளுக்குப் பிடிவாதமாகத் தெரிந்தது.

“பாத்தியா, நெஞ்சு பூரா வஞ்சம். அதான் எந்திரிக்க மாட்டேங்கா” என்பாள் அம்மா. குழாயடியில் சித்தியும் என்னிடம் அதையேதான் சொல்வாள். அவள் எழுந்து போகட்டும், அப்புறம் பேசலாம் என்று இரண்டு பேரும் காத்திருந்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் சித்தப்பாவுக்கு ஈரோட்டில் வேலை கிடைத்து, வீட்டைக் காலி செய்யப்போவது தெரிந்தது. திங்கட்கிழமை சாமான் ஏற்றுகிறார்கள். அதற்கு முந்தின நாள் திருவிருந்து ஞாயிறு. அன்றும் பேசாமல் விட்டால் இனி எப்போது? அம்மா எதுவும் காதில் விழாதது போல வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். மறுநாள் என் துணியில் ஓட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக மிதந்து போயின. ரங்காத்தாள் அக்கா கை நீட்டி என் மெஷினை நிறுத்தினார்.

ஞாயிறன்று எங்கள் பெஞ்சு எழுந்தது. நான் எழுந்திருக்கவில்லை. அப்படிச் செய்ய வேண்டும் என்று முன்கூட்டி நினைக்கவும் இல்லை. பாட்டு எங்கோ தூரத்தில் கேட்பது போலிருந்தது. ஜன்னல் வெயில் காலடியில் தண்ணீர் போல அசைந்தது.

அம்மா முக்காட்டை விலக்கிப் பார்த்தாள். “நீ எந்திரிச்சுப் போ. ஒனக்கு யாரு மேல என்ன கசப்பு?”

“உங்க ரெண்டு பேரு மேலயுந்தாம்மா.”

மெதுவாகத்தான் சொன்னேன். அதற்குள் பாட்டு ஒரு சரணம் முடிந்து நின்றிருந்தது. முழங்காலில் இருந்த ஒரு பெண் திரும்பிப் பார்த்தாள். சித்திக்கும் கேட்டிருக்கும். என் காது இரண்டும் கொதித்தன.

அம்மா எழுந்து சித்தியின் பெஞ்சுக்குப் போனாள்.

“ஏட்டி லீலா, எந்திரி. எனக்கு இன்னும் ஆறல. ஆனா நம்மளால பிள்ளை உக்காந்திருக்கா.”

“எனக்கும் ஆறலக்கா.”

“சரி வா. ஆறலன்னே ஆண்டவருகிட்ட சொல்லுவோம்.”

கடைசியாகப் போய் முழங்கால் போட்டவர்கள் நாங்கள் மூன்று பேர். நான் நடுவில். ஒரு பக்கம் அம்மாவின் முழங்கையும் மறுபக்கம் சித்தியின் முழங்கையும் என்மேல் பட்டுக்கொண்டிருந்தன. போதகர் அப்பத்தைக் கையில் வைத்தபோது, அது எடையே இல்லாமல் இருந்தது.

திங்கட்கிழமை சாயங்காலம் அம்மா நூல் மில்லில் ஷிப்டு முடிந்து வரும்போது, குட்டியானை வண்டியில் சாமான் ஏற்றி முடித்திருந்தார்கள். சித்தி எங்கள் வாசலுக்கு வந்து நின்றாள்.

அங்கே ஆலயம் பக்கத்திலா என்று அம்மா கேட்டாள். சித்தி தலையாட்டினாள். தண்ணீர் ஒழுங்காக வருமா என்று கேட்டாள். அதற்கும் தலையாட்டினாள். அதற்குமேல் அம்மாவுக்குக் கேட்கத் தெரியவில்லை.

அம்மாவின் தலையெல்லாம் பஞ்சு ஒட்டியிருந்தது. சித்தி கை நீட்டி அதை ஒவ்வொன்றாக எடுத்தாள். அம்மா சின்னப் பிள்ளை மாதிரி தலையைக் குனித்துக் கொடுத்தாள். சித்தப்பா ஹாரன் அடித்தார். சித்தி அந்தப் பஞ்சைக் கீழே போடாமல் முந்தானையில் முடிந்துகொண்டாள். போய் வண்டியில் ஏறினாள்.