பாலகுமாரின் மண்புழுத் தொட்டி

ஆபீஸுக்குப் போகும்போது, கம்பெனி வண்டியிலேயே, மேம்பாலத்தின் மேல் பாலகுமாருக்கு மாரடைப்பு வந்தது. வயது முப்பத்தெட்டு. ஆரணியில் காரியமெல்லாம் முடித்துவிட்டு அவன் மனைவி வித்யாலட்சுமி எலெக்ட்ரானிக் சிட்டி வீட்டுக்குத் திரும்பியபோது, மாமியார் சொர்ணமும் கூடவே கிளம்பிவிட்டாள். "ஒத்தையில எப்படிம்மா இருப்ப" என்று மட்டும் சொன்னாள். அவளுக்கு அவன் ஒரே பிள்ளை.

வந்த மூன்றாம் நாளே வித்யா வேலைக்குப் போக ஆரம்பித்தாள். எட்டு மணிக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வருவாள். இருவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள், பேச்சு மட்டும் வரவில்லை. பால்கனிப் பக்கம் வித்யா போகவே இல்லை. அங்கேதான் காய்கறிக் கழிவை உரமாக்க அவன் வைத்திருந்த மண்புழுத் தொட்டி இருந்தது.

ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று பிளாஸ்டிக் தட்டுகள், அடியில் சாறு வடிய ஒரு குழாய். நான்கு வருஷமாக அவன் அதைக் குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டான். வாழைப்பழத் தோலைப் பொடியாக நறுக்குவான். முட்டை ஓட்டை இடித்துத் தூவுவான். செய்தித்தாளைக் கிழித்து நனைத்து, ஒட்டப் பிழிந்து போடுவான். "ஈரம் இருக்கணும், சொட்டக் கூடாது" என்பான். எலுமிச்சை, உப்பு, எண்ணெய், சமைத்த சோறு எதுவும் உள்ளே போகக் கூடாது. "இந்தப் பத்தியத்துல பாதி நீங்க இருந்தா தொப்பை குறையும்" என்று அவள் கேலி செய்திருக்கிறாள்.

ஆரணியில் இருந்த நாட்களில் மேல்வீட்டு டோரதிதான் சாவி வாங்கி வைத்துக்கொண்டு தொட்டியைப் பார்த்துக்கொண்டாள். திரும்பி வந்ததும், "எல்லாம் நல்லா இருக்கு வித்யா, இனிமே நீ பாத்துக்கோ" என்று சாவியைக் கொடுத்தாள். வித்யா தலையாட்டினாள். நாளைக்குப் பார்க்கலாம் என்று நினைத்தாள். நாளை நாளை என்று மூன்று வாரம் போயிற்று.

ஒரு சனிக்கிழமை காலை ஹால் முழுக்கப் புளித்த வாடை அடித்தது. பால்கனிக் கதவைத் திறந்தாள். தரையில் பழுப்பு நூல் துண்டுகள் போல ஏதோ சிதறிக் கிடந்தன. குனிந்து பார்த்தாள். காய்ந்துபோன புழுக்கள்.

மூடியைத் தூக்கினாள். மூடியின் உள்பக்கம் புழுக்கள் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டு கிடந்தன. கீழே இருக்க முடியாமல் மேலே ஏறி வந்தவை. கீழே பூசணம் பூத்த சோறு. தயிர், வடை, வத்தக்குழம்பின் எண்ணெய், எலுமிச்சை ஊறுகாய்த் துண்டு. கையை வைத்தால் சுட்டது.

"அத்தை, இதுல யாரு சோறு போட்டது?"

சொர்ணம் சமையலறையிலிருந்து வந்தாள். "நான்தாம்மா. தினமும் ஒரு கைப்பிடி."

"எதுக்கு அத்தை?"

"காக்காவுக்கு வெக்கலாம்னு பாத்தேன். புறாவுக்குன்னு வலை கட்டி வெச்சிருக்கீங்க, காக்கா எங்கேர்ந்து வரும்? இதுங்க பாலா வளத்ததாச்சே, இதுங்களுக்குப் போட்டா அவனுக்குப் போய்ச் சேரும்னு நெனச்சேன். அவனுக்குப் புடிச்சதாவே பாத்துப் பாத்துப் போட்டேன்மா."

வித்யாவுக்குள் ஒரு மாதமாக அடைத்துக் கிடந்ததெல்லாம் அந்த நிமிஷம் வெளியே வந்தது. "கொன்னுட்டீங்க அத்தை. அவரு விட்டுட்டுப் போனதுல உசுரோட இருந்தது இது ஒண்ணுதான். அதையும் கொன்னுட்டீங்க."

சொர்ணம் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"நானும் இருக்கேன்மா" என்றாள், மெல்ல.

வித்யா டோரதியைக் கூட்டி வர மாடிக்குப் போனாள்.

டோரதி வந்து பார்த்துவிட்டு, சோறு முழுவதையும் எடுத்துவிடச் சொன்னாள். காய்ந்த இலையும் தேங்காய் நார்த்தூளும் காகிதமும் நிறையப் போட்டு, கிளறி, காற்றாட விடச் சொன்னாள். "கீழ்த் தட்டுல கொஞ்சம் இருந்தா பொழைக்கும். ஹோப் பண்ணு." அன்று மத்தியானம் வரை சொர்ணம் தரையில் உட்கார்ந்து, அந்தக் கூழுக்குள் விரலை விட்டு, அசைகிற புழுக்களை ஒவ்வொன்றாக எடுத்து ஈரக் காகிதத்தின் மேல் வைத்தாள். கையுறை கொடுத்தபோது வாங்கவில்லை. மூக்கைச் சுளிக்கவும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து வித்யா காகிதம் கிழித்தாள். கடைசியில் ஒரு பிடி தேறியது.

புதன்கிழமை சொர்ணம் பையை எடுத்து வைத்தாள். ஆரணியில் தங்கை வீட்டுக்குப் போவதாகச் சொன்னாள். "இருங்க அத்தை" என்ற வார்த்தை வித்யாவின் தொண்டை வரை வந்தது. ஓசூர் ரோட்டில் பஸ் வந்து நின்றபோதும் அது அங்கேயே நின்றது. தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தாள், ஜன்னலோரமாக உட்காரச் சொன்னாள், அவ்வளவுதான்.

அதன் பிறகு வித்யா எல்லாவற்றையும் அவன் செய்தபடியே செய்தாள். பிழிந்த காகிதம், நறுக்கிய தோல், அதுவும் வாரத்துக்கு ஒரு கரண்டி. தினமும் காலையில் மூடியைத் திறந்து பார்த்தாள். ஒரு பிடி அரைப் பிடியாயிற்று. பிறகு எண்ணிவிடலாம் போல ஆயிற்று. பன்னிரண்டாம் நாள் எல்லாத் தட்டுகளையும் கொட்டி, விரலால் தேடிப் பார்த்தாள். கறுத்த மண்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சொர்ணம் போன் செய்தாள். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்றெல்லாம் கேட்டுவிட்டு, "அதுங்க எப்படி இருக்கு?" என்றாள்.

நல்லா இருக்கு என்று சொல்லிவிடத்தான் வித்யா நினைத்தாள்.

"ஒண்ணுகூட இல்ல அத்தை."

"என்னாலதானே?"

"நான்தான் மூணு வாரம் மூடியைத் தொறந்து பாக்கல. பாத்திருந்தா மொத நாளே சொல்லியிருப்பேன். உங்களையும் நான் பாக்கல அத்தை. அன்னைக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாது. வந்துடுங்க."

"எதுக்கும்மா. அங்க வந்தா அந்த பால்கனியத்தான் பாத்துக்கிட்டு இருப்பேன்."

சொர்ணம் அழ ஆரம்பித்தாள். இத்தனை நாளில் வித்யா கேட்டிராத அழுகை அது. சேலையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுவது போனில் தெரிந்தது. வித்யாவும் அழுதாள். இரண்டு பேரும் போனை வைக்கவில்லை.