கம்பியின் வேகம்

கடைசியில் கம்பி எழுந்துவிட்டது. மஹாலட்சுமி அதைத் தாங்கியில் இறக்கி வைத்து, முழங்காலில் கைகளை ஊன்றிக் குனிந்து மூச்சு வாங்கினாள். சிரிப்பு வந்தது. மகன் அபி பிறப்பதற்கு முன்னால், மாநிலப் போட்டிக்குப் போன வருஷம், தோளில் ஏற்றி உட்கார்ந்து எழுந்த அதே எடை. பாதியில் தொடை நடுங்கிக் கண் இருட்டிக்கொண்டு வந்தது, ஆனாலும் எழுந்துவிட்டாள். மானகிரி சாலையில் டைல்ஸ் கடை மாடியிலிருந்த அந்த ஜிம்மில் மதியத்தில் ஒருவரும் இல்லை. ஆளில்லாத நேரமாகப் பார்த்துத்தான் வந்திருந்தாள்.

கிருத்திகாவுக்குத் தெரிந்தால் கத்துவாள். ஒரு காலத்தில் இருவரும் ஒரே மணல்குழியில் நீளம் தாண்டிப் போட்டி போட்டவர்கள். முழங்கால் ஜவ்வு கிழிந்து தாண்டுவதை விட்ட கிருத்திகா, படித்துப் பயிற்சியாளராகிவிட்டாள். இப்போது மஹாலட்சுமிக்கு அவள் கொடுப்பது பழைய எடையில் பாதிதான். சில தடவை பட்டென்று எழ வேண்டும். உடனே பெட்டி மேல் ஒரு தாவல். அப்புறம் நெடுநேரம் ஓய்வு. கம்பி கொஞ்சம் மந்தமாக எழுந்தாலும், அதன் வேகத்தைப் படம் பிடிக்கும் போனைத் தாழ்த்தி, "போதும்டி, வச்சிரு" என்பாள். வேர்வைகூடச் சரியாக வராத இது என்ன பயிற்சி? பிள்ளை பெற்றவள் என்று பாவம் பார்க்கிறாளோ? அபிக்குச் சோறு ஊட்டும்போதும் பஸ்ஸில் போகும்போதும் மஹாலட்சுமிக்கு இதே நினைப்பு. போட்டிக்கு முந்தின நாளான அன்று சும்மா இருக்கச் சொல்லியிருந்தாள் கிருத்திகா. இருக்க முடியவில்லை.

மறுநாள் சிவகங்கை மைதானத்தில் முதல் தாண்டல், மிதித்து எழும்ப வேண்டிய பலகைக்கு வெகுமுன்னாலேயே கிளம்பிவிட்டது. இரண்டாவது அதைவிட மோசம். கால்கள் நனைந்த சாக்கு மாதிரி கனத்தன. கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் அவள் கணவன் சதீஷ்குமார், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றான்.

"அவ்வளவுதானா மஹா?"

"இன்னும் ஒண்ணு இருக்கு. அதுல முதல் எட்டுக்குள்ள வந்தாத்தான் மேக்கொண்டு. பிள்ளைய வச்சுக்கிட்டு வெயில்ல நிக்காதீக, அங்குட்டுப் போங்க."

கிருத்திகா வந்து அவள் தொடையை அழுத்தினாள். வலியில் மஹாலட்சுமியின் முகம் சுருங்கியது.

"நேத்து என்ன பண்ணுன?"

"பழைய எடையத் தூக்கிப் பாத்தேன். முழுசா எந்திரிச்சேன்டி."

"எந்திரிக்க எவ்வளவு நேரமாச்சு?"

மஹாலட்சுமி குனிந்து தொடையைத் தேய்த்துவிட்டாள்.

"நீ தூக்குவேன்னு எனக்குத் தெரியாதா? பலகையில கால் படுறது கண்ணு சிமிட்டுற நேரம். அதுக்குள்ள தரையத் தள்ளியாகணும். மெதுவா வார பலம் அங்குட்டு வந்து சேராது."

"புள்ள பெத்தவன்னு கொறச்சுக் குடுக்கிறியோன்னு..."

கிருத்திகா அவளையே பார்த்தாள். "அந்தக் காலத்துல உன்னக் கண்டு நான் பயந்தது நீ தூக்குற எடைக்கு இல்லடி. பலகைய நீ மிதிக்கிற சத்தத்துக்கு. திரும்பிப் பாக்காமலே நெஞ்சு பதறும்."

மஹாலட்சுமியின் பெயரைக் கூப்பிட்டார்கள். போய் ஓட்டம் தொடங்கும் கோட்டில் நின்றாள். வலி அப்படியேதான் இருந்தது. ஓடினாள். பலகையை மிதித்ததும் தரை நழுவியது. பிறகு வாயிலும் கண்ணிலும் மணல்.

தாண்டல் செல்லும் என்று நடுவர் வெள்ளைக் கொடியைத் தூக்கினார். இருவர் அளவு நாடாவை இழுத்துப் பிடித்தார்கள். குறுக்கே அடித்த காற்றில் நாடா வில்லாக வளைந்து படபடத்தது. ஒருவர் குனிந்து அதைக் கையால் நேராக்கினார். விட்டதும் மறுபடி வளைந்தது. மணலைத் தட்டிவிடாமல் மஹாலட்சுமி அந்த நாடாவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.