வயிறு காந்தும் பெண்கள்

ஓமானுக்குப் புருஷனை அனுப்பிவிட்டு சிட்டகாங் பக்கத்துக் கிராமங்களில் தனியாக இருக்கும் பெண்கள் பேசியதை யாரோ பதிவுசெய்து வந்தார்கள். வேறு யாரோ அந்த ஊர்ப்பேச்சை வார்த்தைக்கு வார்த்தை டாக்கா வங்காளத்தில் தட்டச்சு செய்தார்கள். நூற்றுக்கணக்கான பேட்டிகள். ஷாமீமா ஆபாவும் நானும் அவற்றைத் தனித்தனியாகப் படித்து, வரிக்கு வரி ‘கடன்’, ‘மாமியார்’, ‘உடல்நலம்’, ‘ஏக்கம்’ என்று பெயர் ஒட்டவேண்டும். ஒருவரையொருவர் எதுவும் கேட்கக் கூடாது. கேட்டால் ஆய்வு கெட்டுப்போகுமாம். அதற்காக நடுவில் ஒரு தட்டி வேறு. கடைசியில் கணினி இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும்; ஒத்துப்போகாத வரி சிவப்பில் வரும்.

பேசாமல் இருப்பது எனக்கொன்றும் புதிதில்லை. புருஷன் இறந்தபிறகு மகள் தூபாவை சிட்டகாங் பக்கத்து சாத்கானியாவில் அக்காவிடம் விட்டுவிட்டு டாக்கா வந்தவள் நான். வேலைக்குச் சேர்ந்த அன்றே எங்கள் தலைவர் முனீர் பாய், “சிட்டகாங்கா? உங்க பேச்சு குருவி கத்தற மாதிரியில்ல இருக்கும்!” என்று சிரித்தார். அன்றிலிருந்து ஊர்ப்பேச்சை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டேன். வாடகை அறையில் அதைப் பேச சுவர்தான் இருந்தது.

ஷாமீமா ஆபா டாக்காக்காரர்; ஆபா என்றால் அக்கா. நல்ல மனுஷி. இழுப்பறையில் எப்போதும் கேஸ்ட்ரிக் மாத்திரை வைத்திருப்பார். ஈத் முடிந்து நான் ஊரிலிருந்து திரும்பும்போதெல்லாம் டீயோடு எனக்கும் ஒன்று கிடைக்கும்.

ஒப்பிட்ட அன்று திரை முழுக்கச் சிவப்பு.

“என்ன இது! ரெண்டு பேரும் வேற வேற பேட்டியையா படிச்சீங்க?” என்று முனீர் பாய் எங்கள் இருவரையும் அழைத்தார். சிவப்பில் பாதிக்கு மேல் ஒரே வாசகம்: ‘வயிறு காந்துது.’ ஆபா அதை உடல்நலத்தில் போட்டிருந்தார். நான் ஏக்கத்தில்.

“ஜோஹ்ரா, நீங்க மாத்திடுங்க. வயிறு காந்தினா கேஸ்ட்ரிக். இதுல என்ன ஏக்கம்? நாளைக்கு அறிக்கை போகணும். ஊருக்கு ஊர் மாத்திரை, சாப்பாட்டு வகுப்புன்னு முதல் சிபாரிசே எழுதியாச்சு.”

“அங்க காரம் ஜாஸ்தி பாய்,” என்றார் ஆபா. “விருந்துல போடற மெஜ்பான் கறி ஒண்ணு போதாதா?”

சரி என்று தலையாட்டியிருக்கலாம். என் ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிகிறது, நீட்டிப்பது அவர் கையில். ஆனால் தலையாட்டினால் அந்தப் பெண்கள் மனசைத் திறந்து சொன்னதெல்லாம் செரிமானக் கோளாறாகிவிடும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு பேட்டியைத் திறந்து சத்தமாகவே படித்தேன்: “அவர் போனை வெச்சதும் வயிறு காந்துது. பையன் அவங்கப்பா சட்டையைப் போட்டுக்கிட்டு வந்து நின்னா காந்துது.” நிமிர்ந்து, “போனை வெச்சதும் வருமா பாய் கேஸ்ட்ரிக்?” என்றேன்.

“கவலையில வரும்.”

“வராது. பசியும் இல்ல, காரமும் இல்ல. உன் நினைப்பா இருக்குன்னு சொல்ல எங்க ஊர்ல இப்படித்தான் சொல்வோம்.”

“எந்த அகராதியில இருக்கு?”

“எங்க வாயில இருக்கு.”

“அப்ப சொல்லுங்க பாப்போம், உங்க பாஷையில.”

சொல்லத்தான் வாயைத் திறந்தேன். யார் பெயரையாவது வைத்துச் சொல்லவேண்டுமே. “தூபா, தோர் லாய் ஆர் ஃபெட் ஃபுரெர்...” தூபா, உன்னை நினைச்சு என் வயிறு காந்துது. சே, ஆபீஸில் போய் அழுதேன் பாருங்கள்! எத்தனையோ மாதமாக வாய்க்குள் கிடந்த பேச்சு, வரும்போது தனியாக வரவில்லை.

யாரும் சிரிக்கவில்லை. முனீர் பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அடிக்குறிப்பு ஒண்ணு போட்டுடலாமா?” என்றார்.

“அறிக்கையிலேருந்து மாத்திரையை எடுத்துடுங்க பாய்,” என்றேன்.

அவர் அறிக்கையைத் திறந்தார். பிறகு முதல் சிபாரிசை அழித்தார். “எல்லாத்தையும் ஏக்கத்துல சேருங்க. நான் ஆய்வு கேட்டவங்ககிட்ட ரெண்டு நாள் தவணை கேக்கறேன்,” என்று எழுந்து போனார். ஒப்பந்தத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

நான் என் இடத்துக்கு வந்து, ஆபா உடல்நலத்தில் போட்டிருந்த வரிகளை ஒவ்வொன்றாக மாற்ற ஆரம்பித்தேன். ஆபா தட்டியைத் தாண்டி நாற்காலியை இழுத்துக்கொண்டு என் பக்கம் வந்து உட்கார்ந்தார்.

“ஜோஹ்ரா, ஈத் முடிஞ்சு வந்தப்ப எல்லாம் வயிறு காந்துதுன்னு சொல்வியே. நான் மாத்திரை குடுப்பேனே?”

“ஆமா ஆபா.”

“அப்போ அது...?”

“முழுங்கிட்டேன்.”

“ஐயோ! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாடி?”

“அதைத்தானே ஆபா சொன்னேன்.”