ஆடிட்டுக்கு வந்த குழந்தைகள்

திருப்பூரை அடுத்த வீரபாண்டியில் வெள்ளியங்கிரியின் பனியன் கம்பெனியில் குழந்தைகள் காப்பகம் ஒன்று உண்டு. பலகையும் உண்டு. உள்ளே இருப்பதெல்லாம் வெட்டுத்துணி மூட்டைகள்தான். ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டுக்காரர்கள் தொழிலாளர் வசதிகளைச் சரிபார்க்க ஆடிட் வருகிறார்கள் என்றால் மூட்டைகள் மாடிக்குப் போகும், உறை பிரிக்காத பொம்மைகள் கீழே வரும், வேலை பார்க்கும் பெண்கள் ஆளுக்கொரு பிள்ளையைத் தூக்கி வருவார்கள். ஆடிட் முடிந்ததும் பிள்ளைகள் வீட்டுக்கு, பொம்மைகள் பீரோவுக்கு.

இந்த முறை டென்மார்க் ஆடிட். தைத்த பனியன்களைச் சரிபார்க்கும் செக்கிங் பிரிவில் வேலை பார்க்கும் நிர்மலா, மகள் அபிராமியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். சங்கரன்கோவில் பக்கமிருந்து பிழைக்க வந்தவள். இதுவரை பிள்ளையைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டு அமீருன்னிசா, மகள் பிரசவத்துக்காக அன்றிரவு ஊருக்குக் கிளம்புகிறாள். நாளை முதல் பிள்ளையை விட இடமில்லை. இடம் கிடைக்காவிட்டால் வேலையை விட வேண்டியதுதான். நிர்மலா நேரே முதலாளியிடம் போனாள்.

"மொதலாளி, நாளைக்கும் இந்த ரூம தொறந்து வச்சா புண்ணியமாப் போவும்."

"அம்மிணி, அவிய அவிய புள்ளைய அவிய அவிய பாத்துக்கோணும்" என்றார் வெள்ளியங்கிரி. ஒரு கண்காட்சிக்குத் துபாய் போய் வந்ததிலிருந்து வாயைத் திறந்தால் அவருக்குத் துபாய்தான். "அங்க சம்பளத்துக்கு வரியே இல்லீங்க. சர்க்காரு வழிய உட்டு ஒதுங்கி நிக்குது."

ஏற்றுமதி ஆர்டர்களைக் கவனிக்கும் மாதவன் சும்மா இருப்பானா? "டென்மார்க்குல வரி ஜாஸ்திங்க சார். ஆனா படிப்பு, ஆஸ்பத்திரி, புள்ளையப் பாத்துக்கறது எல்லாத்துக்கும் சர்க்காரு இருக்குதுங்க."

"அப்பப் பெத்தவிய எதுக்குங்க?"

நிர்மலாவுக்கு எரிச்சலாக வந்தது. துபாயை அளந்தார்கள், டென்மார்க்கை அளந்தார்கள். நாளைக் காலையில் அபிராமியை எங்கே விடுவது என்று இரண்டு பேரில் ஒருவரும் சொல்லவில்லை.

ஆடிட்டர் வரப் போகும் நேரத்தில்தான் குறை தெரிந்தது. போன ஆடிட்டுக்கு வந்த பிள்ளைகளில் பாதிப்பேர் வளர்ந்து பள்ளிக்கூடம் போய்விட்டார்கள். வெள்ளியங்கிரி பதறிப்போய் மகள் சித்ராதேவிக்குப் போன் போட்டு, பேரனைத் தூக்கிவரச் சொன்னார். துபாயில் வேலை பார்த்தவள் அவள். வெயில் ஒத்துக்கொள்ளாமல் திரும்பி வந்துவிட்டாள் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

ஆடிட்டரான டென்மார்க் அம்மாள் வந்தாள். காப்பகத்தில் பேரன் ஒரு பொம்மையின் உறையைக் கிழிக்க, அபிராமி அதைப் பிடுங்க, இருவரும் கட்டிப் புரண்டார்கள். அந்த அம்மாளும் சிரித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

வெள்ளியங்கிரிக்கு நாக்கு அரித்தது. "உங்க ஊருல வரி ரொம்பங்களா?"

மாதவன் மொழிபெயர்த்ததுதான் தாமதம், அந்த அம்மாள் கொட்டித் தீர்த்தாள். சம்பளத்தில் பெரும்பகுதி வரிக்கே போகிறதாம், காருக்கு வரி, எதைத் தொட்டாலும் வரியாம்.

"கேட்டீங்களா!" வெள்ளியங்கிரிக்கு முகமெல்லாம் பல். "அப்பத் துபாய்க்கே போயறலாமில்லீங்க?"

அவள் திடுக்கிட்டாள். அங்கே காப்பகத்துக்கு அவ்வளவு செலவாகுமே, தன் மகனை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்டாள்.

பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்த சித்ராதேவி சிரித்துவிட்டாள். "நானும் அதுக்குத்தானுங்கப்பா வந்தேன். இவனைப் பாத்துக்கற எடத்துக்கே என் சம்பளம் பூராப் போச்சு."

"வெயிலுன்னியே கண்ணு?"

"திருப்பூர்ல என்ன, பனியா பேயுது?"

ஆடிட் நல்லபடியாக முடிந்தது. கார் கேட்டைத் தாண்டியதுமே வெள்ளியங்கிரி வழக்கம்போல, "மூட்டைகளை எறக்குங்கப்பா" என்று குரல் கொடுத்தார். நிர்மலா மகளைத் தூக்கிக்கொண்டாள். முதலாளி முன்னால் அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"எறக்க வேண்டாங்கப்பா" என்றாள் சித்ராதேவி. "நாளையிலிருந்து நான் வேலைக்குப் போறேன். இவனை இங்கதான் உடப் போறேன்."

"உங்கம்மா பாத்துக்க மாட்டாளா?"

"இத்தனை மாசம் பாத்ததே போதும்னுட்டாங்க. அவிய அவிய புள்ளைய அவிய அவிய பாத்துக்கோணுமாம்."

மறுநாள் காலை, வேலையை விடுவதாகச் சொல்லத்தான் நிர்மலா வந்தாள். காப்பகக் கதவு திறந்திருந்தது. வாசலில் இடுப்பில் பேரனும் கையில் பால்புட்டியுமாக வெள்ளியங்கிரி நின்றார். பேரன் ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தான்.

"ஆயா இப்ப வந்துரும் அம்மிணி. பாப்பாவ வெரசா உள்ள உடுங்க. அது இருந்தாத்தான் இவன் அழுவாச்சிய நிறுத்துவான்."

"நாளைக்கும் உண்டா மொதலாளி?"

"தெனமுந்தான்."

நிர்மலாவுக்குச் சந்தோஷத்தில் வாய் துடுக்காகிவிட்டது. "அப்போ துபாய்?"

வெள்ளியங்கிரி பேரனை மறு இடுப்புக்கு மாற்றினார்.

"அங்க வெயில் ஜாஸ்திங்க."