தவளை ராஜாவின் தாடி

அப்பாவின் இடது கன்னத்தை மழித்துவிட்டு, வலது கன்னத்தில் மகள் சோப்பு நுரை பூசிக்கொண்டிருந்தபோது தம்பி கேமராவோடு உள்ளே வந்தான். அப்பாவின் உயிர் போய் இன்னும் உடம்புச் சூடுகூட முழுசாக ஆறவில்லை.

"தாடியை எடுக்காதக்கா. கன்டினியூட்டி போயிடும், முன்னாடி எடுத்த ஷாட்டோட ஒட்டாது."

அவள் பூசுவதை நிறுத்தவில்லை. வீட்டில் அவனுக்கு டைரக்டர் என்று பேர். போன படத்தைச் சொந்தக்காரர்களே பாதியில் எழுந்து போய்விட்டார்கள். இந்தப் படத்தில் குழந்தைக் கதைகளையெல்லாம் தலைகீழாகப் புரட்டுகிறானாம். தூங்கும் இளவரசி எழுந்ததும் தலைவலி மாத்திரை கேட்பாள். தவளை ராஜாவுக்கு முத்தம் கொடுக்க யாருமே வரமாட்டார்கள், கிணற்றடியிலேயே கிழடாகிச் சாவான். அந்த ராஜா அப்பாதான்.

தபாலாபீசில் வேலை பார்த்த காலமெல்லாம் சவரம் செய்யாமல் வாசல் தாண்டாத மனுஷர், பிள்ளைக்காகத் தாடி வளர்த்தார். கேமரா பார்க்கும் வலது பக்கத்தில் பச்சைச் சாயம் பூசி, பசை போட்டுப் பாசி வேறு ஒட்டினான். அரிக்கிறது, எடுத்துவிடு என்று போன வாரம் மகளிடம் கெஞ்சினார். இன்னும் ஒரே ஒரு ஷாட் என்று டைரக்டர் தடுத்துவிட்டான். ராஜா சாகிற ஷாட்.

"இந்தப் பக்கம் அப்படியே இருக்கே, இது போதும். அப்பாதான் சம்மதிச்சாரே."

"நடிக்கத்தான்டா சம்மதிச்சாரு."

ரேசரை அழுத்தி இழுத்தாள். முடியோடு பசை உரிந்து வந்தது. அடியில் தோல் வெந்து, சீழ் காய்ந்து, ஓரமெல்லாம் பச்சையாக இருந்தது. எத்தனை நாளாக இதை வைத்துக்கொண்டு சோறு தின்றாரோ. சீ, என்ன ஜென்மம் இவன்.

அவன் கிட்டே குனிந்தான். "கொஞ்சம் நகரேன். அந்தப் புண்ணு மேல வெளிச்சம் விழட்டும்."

"அதை வச்சிட்டு வந்து தாடையைப் பிடி."

அதிசயமாகச் சொன்னபடி கேட்டான். கேமராவை அலமாரியில் வைத்துவிட்டு வந்து, இரண்டு கையாலும் அப்பாவின் தாடையைத் தாங்கினான். அவன் கண்ணிலிருந்து பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது, பொய்க் கண்ணீர் இல்லை. என்ன இருந்தாலும் கூடப் பிறந்தவன் ஆயிற்றே என்று அவளுக்கும் மனசு கொஞ்சம் இளகியது.

கடைசி இழுப்புக்கு முகத்தைத் திருப்பச் சொன்னாள். அவன் அப்பாவின் முகத்தை அவள் பக்கம் திருப்பாமல் அலமாரிப் பக்கம் திருப்பினான்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கேமராவில் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.