அனுப்பியாச்சு

என் மாப்பிள்ளை கெட்டிக்காரர். எனக்கு வந்த வினையே அதுதான்.

எனக்கு வலது கண்ணில் புரை. ஆபரேஷன் தேதி மெசேஜில் வரும், சொன்ன நாளில் வராவிட்டால் முறை அடுத்தவருக்குப் போய்விடும் என்று ஆஸ்பத்திரியில் கறாராகச் சொல்லியிருந்தார்கள். அந்த மெசேஜை அனுப்பும் புரோகிராமை எழுதுகிறவர் சாட்சாத் என் மாப்பிள்ளை. எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

எழுதியது சரியா என்று பார்க்க டெஸ்ட் என்று ஒன்று வைத்திருந்தார். அது ஓடும்போதெல்லாம் நிஜமாகவே ஒரு மெசேஜ் போகும். யாருக்கு? ஓசியில் கிடைத்த என் நம்பருக்கு. 'நாளை உங்களுக்கு ஆபரேஷன்.' முதல் தடவை பையைத் தூக்கிக்கொண்டு போய் நின்றேன். நர்ஸ் சிரித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மாப்பிள்ளை, ஆஸ்பத்திரி மெசேஜ் எது, உங்க மெசேஜ் எதுன்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"கொஞ்சம் பொறுத்துக்குங்க அத்தை."

நான் சொல்லி அவர் கேட்கவில்லை. டெஸ்ட் ஆமை வேகத்தில் ஓடுகிறது, நெட் போனால் சும்மாவே தோற்கிறது என்று ஆபீசில் மேனேஜர் வறுத்தெடுத்த பிறகுதான் கேட்டார். டெஸ்டுக்கென்று ஒரு டம்மி செய்தார். அது எதையும் அனுப்பாது. அனுப்பச் சொன்னால் 'அனுப்பியாச்சு' என்று மட்டும் சொல்லும். கண்மூடித் திறப்பதற்குள் டெஸ்ட் முடிகிறது, எல்லாம் பாஸ் என்று என்னிடமே பீற்றிக்கொண்டார். என் போனும் வாயை மூடிக்கொண்டது.

நானும் காத்திருந்தேன், காத்திருந்தேன், ஒரு மண்ணும் வரவில்லை. வாசற்படியே மங்கலாகத் தெரிய ஆரம்பித்ததும் பயம் வந்துவிட்டது. நேரிலேயே போனேன்.

"மெசேஜ் அனுப்பியாச்சேம்மா. நீங்கதான் வரலை. உங்க முறை போயிடுச்சு" என்றாள் நர்ஸ், கம்ப்யூட்டரைப் பார்த்து.

"யாருக்குப் போச்சு?"

அவள் திரும்பிப் பார்த்தாள். நாற்காலிகள் அத்தனையும் காலி. கொஞ்ச நாளாகவே ஒருவரும் வருவதில்லையாம். டாக்டர் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டெஸ்டுக்குச் செய்த டம்மியை மாப்பிள்ளை நிஜ புரோகிராமிலேயே விட்டுவிட்டார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. போன் போட்டேன்.

"சான்ஸே இல்லை அத்தை. எல்லா டெஸ்டும் பாஸ்."

நல்லவேளை, டாக்டர் எழுந்து வந்தார். "நீங்களாவது வந்தீங்களே, வாங்க" என்று அன்றைக்கே ஆபரேஷனை முடித்துவிட்டார்.

சாயங்காலம் மாப்பிள்ளை கட்டில் பக்கத்தில் வந்து நின்றார்.

"இப்போ நல்லாத் தெரியுதா அத்தை?"

என் கண்கட்டை இன்னும் பிரிக்கவே இல்லை.

"பார்க்காமலேயே பாஸ் போட நான் என்ன டம்மியா மாப்பிள்ளை? கட்டைப் பிரிக்கட்டும். பார்த்துட்டுச் சொல்றேன்."